இரண்டு மணி வரைக்கும்தான் தெற்குப் பக்கம்

வத்தலக்குண்டில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கொடைக்கானலைச் சுற்றிக் காட்ட இன்னொருவர் எதற்கு என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரிக் காலத்தில் காலைப் பேருந்தில் ஏறுவோம், ஏரியைச் சுற்றுவோம், மிளகாய் பஜ்ஜி தின்போம், மாலைப் பேருந்தில் இறங்கிவிடுவோம். சென்ற புரட்டாசியில் அக்காவும் மாமாவும் பிள்ளைகள் இருவரோடு துபாயிலிருந்து வந்திருந்தபோது, மாமா இணையத்தில் தேடி ஒருநாள் சுற்றுலா ஒன்றுக்கு முன்பணமும் கட்டிவிட்டார். ஜீப், ஓட்டுநரே வழிகாட்டி, 'இயற்கையும் சாகசமும்' என்ற தலைப்பு, அதன் கீழே பதினான்கு இடங்களின் பெயர்கள். ஒரே நாளில் பதினான்கு இடம் என்பதைப் படித்தபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

முதல்நாள் இரவு கொடைக்கானலிலேயே தங்கிவிட்டு, காலை ஆறரைக்கு ஜீப்பில் ஏறினோம். ஓட்டுநர் பூம்பாறைக்காரர், நாற்பது வயதுக்குள் இருப்பார். பரிசல் விட வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்ததால் முதலில் மன்னவனூர் ஏரிக்குப் போகலாம் என்றார் மாமா. ஓட்டுநர் மறுத்துவிட்டார். "ரெண்டு மணி வரைக்கும்தான் சார் தெற்குப் பக்கம் நமக்கு. அதுக்கப்புறம் அது மேகத்துக்கு" என்றார்.

இத்தனை முறை வந்து போனவன் இதை யோசித்ததே இல்லை. பழனி மலையின் தெற்கு விளிம்பு பெரியகுளம் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. வெயில் ஏற ஏறச் சமவெளியும் சரிவும் சூடாகி, ஈரக்காற்று மலையைத் தொற்றிக்கொண்டு மேலே வரும். ஏறும் வழியில் குளிர்ந்து, ஏழாயிரம் அடி உயரத்தில் நாம் நிற்கும் இடத்துக்கு வரும்போது அது மேகமாகிவிடுகிறது. தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, கோக்கர்ஸ் வாக் நடைபாதை, டால்பின் மூக்கு எல்லாமே இந்த விளிம்பில் இருப்பவை. அதைத் தாண்டி உள்ளே இருக்கும் மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களுக்கு மூடுபனி பெரும்பாலும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். காலையில் விளிம்பு, பிற்பகலில் மேல்மலை என்பது அவருடைய கணக்கு.

ஆகவே முதலில் வட்டக்கானல். ஜீப்பை நிறுத்திவிட்டு டால்பின் மூக்குப் பாறைக்கு நடந்துதான் இறங்க வேண்டும். பாதை என்று சொல்வதைவிட, மரங்களின் வேர்களே படிகளாக அமைந்த ஒரு சரிவு என்று சொல்லலாம். முந்தைய நாள் மழையில் மண் வழுக்கியது. மாமா இரண்டு இடங்களில் உட்கார்ந்தபடியே இறங்கினார். சுற்றுலாத் தாளில் அச்சடித்திருந்த சாகசம் இதுதான் என்றால் எனக்கு மறுப்பில்லை. பாறை பள்ளத்தின் மேல் நாக்கைப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே கம்பி வேலி இல்லை. எங்களை நுனியிலிருந்து பத்தடி தள்ளி உட்காரச் சொன்ன ஓட்டுநர், அக்காவின் மகன் செல்பேசியோடு எழுந்தபோது அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். தவறி விழுந்தவர்கள் உண்டு என்பதை அவர் விளக்கவில்லை, அந்த இழுப்பே போதுமானதாக இருந்தது. கீழே பெரியகுளம் பக்கத்து வயல்களும் தென்னந்தோப்புகளும் துடைத்து வைத்தாற்போல் தெரிந்தன. திரும்பி ஏறுவதற்கு இறங்கியதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது.

அதன் பிறகு, ஊரார் 'பன்னிரண்டு மைல் ரவுண்டு' என்று சொல்லும் வழக்கமான சுற்று. குணா குகையை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தோம், அதில் எழுத ஒன்றுமில்லை. 400 அடி உயரத்துக்கு நிற்கும் தூண் பாறைகள் மூன்றும் முழுதாகத் தெரிந்தன. நான் அவற்றை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை. பைன் காட்டில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் பிள்ளைகளிடம், கண்ணை மூடிக்கொண்டு பறவைச் சத்தம் எத்தனை கேட்கிறது என்று எண்ணச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. 1906இல் பிரையண்ட் என்னும் வனத்துறை அதிகாரி நடத் தொடங்கிய அயல்மரங்கள் அவை. ஊசியிலைகள் உதிர்ந்து மெத்தைபோல் மூடிக்கிடப்பதால் அடியில் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. காலையில் வட்டக்கானல் சோலைக்குள் நடந்தபோது பேச்சை நிறுத்தினாலே ஏதோவொரு குருவி கத்தியது என்பது அப்போதுதான் உறைத்தது.

தாளில் இருந்த பேரிஜம் ஏரி கிடைக்கவில்லை. அது காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை நாளுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்துத்தான் அனுமதிக்கும், யானை நின்றால் அதுவும் கிடையாது. அன்று யானை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அனுமதி கிடைக்குமா என்று தெரியாத இடத்தை, உறுதியாகக் காட்டுவோம் என்று அச்சடித்துப் பணம் வாங்கிய நிறுவனம் அதற்காக ஒரு ரூபாயும் குறைத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றரைக்கு மேல்மலைச் சாலையில் ஏறினோம். ஓட்டுநர்மேல் எனக்கிருந்த ஒரே வருத்தம் இந்த இடத்தில்தான். அப்சர்வேட்டரியை அவர் ஒரு வார்த்தை பேசாமல் கடந்தார். 1899இல் நிறுவப்பட்டு, நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் அது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான். பிள்ளைகளுக்கு நான் சொன்னேன். அவர்கள் பரிசலைப் பற்றிக் கேட்டார்கள்.

பூம்பாறையை மேலிருந்து பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே ஓடும் தகரமுமாக வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. குழந்தை வேலப்பர் கோயிலில் அருணகிரிநாதரின் கதையை அக்காவுக்குச் சொன்னார் ஓட்டுநர். அவரைத் தாக்க வந்த ராட்சசியிடமிருந்து காப்பாற்ற முருகன் குழந்தை வடிவில் வந்தான் என்பது ஊர் வழக்கு. மன்னவனூரில் காடு விலகிப் புல்வெளி விரிகிறது. மத்திய ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் பாரத் மெரினோ ஆடுகளையும் முயல்களையும் பார்த்துவிட்டு ஏரிக்கு இறங்கினோம். பரிசல்காரர் நடு ஏரியில் துடுப்பை ஒரு பக்கமாகவே போட்டுச் சுழற்றியபோது பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், மாமா உயிர்காப்பு உடையின் வாரைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பூம்பாறையில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி மலைப்பூண்டு வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. இரண்டு கிலோவுக்கு ஜீப் முழுக்க வாசம். நாலரைக்கு ஊருக்குள் நுழைந்தபோது கோக்கர்ஸ் வாக்கில் சீட்டு வாங்கிக்கொண்டு நீண்ட கூட்டம் நின்றது. அவர்களுக்கு எதிரே வெள்ளைச் சுவர் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி எங்களைத் திரும்பிப் பார்த்தார், பேசவில்லை.

கடைசியாக ஒரு சாக்லேட் கடை. கேட்காமலேயே, இங்கே தனக்குக் கமிஷன் உண்டு, பிடித்தால் மட்டும் வாங்குங்கள் என்று சொன்னார். பூண்டு வாங்கிய வீட்டில் எவ்வளவு என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

"அது எங்க சித்தி வீடு சார். அங்க கமிஷன் கேட்டா ராத்திரி சோறு கிடையாது" என்றார்.