212 படிகளுக்கு மேலே ஓர் அறை

கிரேக்கத்தில், ஏதென்ஸ் அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் ஹைட்ரா தீவில் இறங்கிவிட்டோம். அந்தத் தீவுக்காரர்கள் ஈத்ரா என்கிறார்கள். ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தது அக்கா. பணி ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை மனச்சாட்சியே இல்லாமல் செலவழிக்கப் போகிறேன் என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று இரவுக்கு 1,200 யூரோ என்று தெரிந்தபோது எனக்குத்தான் மனச்சாட்சி உறுத்தியது.

இந்தத் தீவில் கார் இல்லை, பைக் இல்லை. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றைத் தவிர இயந்திர வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது. படகுத்துறையில் டாக்ஸிகள் நிற்க வேண்டிய இடத்தில் கோவேறு கழுதைகள் வரிசையாக நின்றன. ஹோட்டல் சொல்லி அனுப்பியிருந்தவர் எங்கள் இரண்டு பெட்டிகளையும் சேணத்தின் இருபுறமும் வைத்துக் கயிற்றால் இறுக்கினார். அக்காவின் பெட்டி கனமாக இருந்ததால் அந்தப் பக்கம் சாய்ந்தது. என் கைப்பையையும் வாங்கி மறுபக்கத்தில் கட்டிச் சரிசெய்தார். “தராசு மாதிரி இருக்கிறதே!” என்றாள் அக்கா. கூலி தனி, ரொக்கமாக. அறை வாடகையில் அது சேராது என்று முன்பே எழுதியிருந்தார்கள். நாங்கள் அந்த வரியைப் படிக்கவில்லை.

பிறகு ஏற்றம். அக்கா எண்ணிக்கொண்டே வந்தாள், 212 படிகள். நடுவில் மூன்று இடங்களில், காட்சியை ரசிக்கிறோம் என்ற சாக்கில் நின்றோம்.

ஹோட்டல் இருந்தது ஒரு பழைய கப்பல் தலைவரின் மாளிகையில். வெளியிலிருந்து பார்த்தால் மாளிகை என்று சொல்ல மாட்டீர்கள். சாம்பல் நிறக் கல்லில் கட்டிய சிறிய கோட்டை போல முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கும். நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையை மீறி, பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குத் தானியம் கொண்டுபோய்ச் செல்வம் குவித்தவர்கள் இந்தத் தீவின் மாலுமிகள். அப்படி முற்றுகை மீறிச் சம்பாதித்த பணத்தில் இப்படிப்பட்ட வீடுகள் எழுந்தன. 1821இல் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியபோது அதே மாலுமிகள் தங்கள் கப்பல்களைப் போருக்குக் கொடுத்தார்கள். கிரேக்கக் கடற்படையை நடத்திய ஆந்திரேயாஸ் மியாவுலிஸ் இங்கே கொண்டாடப்படும் நாயகன். ஜூன் மாதத்தில் அவர் பெயரில் விழாவும் உண்டு.

கதவைத் திறந்தால் உள்ளே வேறு உலகம். கறுப்பு வெள்ளைக் கூழாங்கற்கள் பதித்த முற்றம், எலுமிச்சை மரம், நடுவில் வட்டக் கல்மூடி. அது என்னவென்று கேட்டேன். கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டியாம். ஹைட்ரா என்ற பெயரே தண்ணீரைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இங்கே ஊற்றுகள் இருந்தனவாம். அவை வற்றிய பிறகு பெயர் மட்டும் மிஞ்சியது. வீட்டுக்கு வீடு தொட்டி கட்டினார்கள், பின்னாளில் கப்பலில் தண்ணீர் வந்தது, இப்போது கடல்நீரைச் சுத்திகரிக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு அறையிலிருந்த பளிங்குக் குளியல் தொட்டியை நிரப்ப எனக்குக் கை வரவில்லை. அக்கா தயங்காமல் நிரப்பினாள். “1,200 யூரோ” என்று மட்டும் சொன்னாள்.

அறையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றே ஒன்றுதான். கழிப்பறையில் அழகான எழுத்தில் ஓர் அறிவிப்பு: காகிதத்தை உள்ளே போடாதீர்கள், பக்கத்துக் கூடையில் போடுங்கள். கிரேக்கத்தில் பல இடங்களில் கழிவுக்குழாய்கள் குறுகலானவை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் குழாய் அகலமாகாது.

கனடாவின் கவிஞரும் பாடகருமான லியோனார்டு கோஹன் 1960இல் இந்த ஊரில் 1,500 டாலருக்கு ஒரு வீட்டையே வாங்கினார். அதை அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாது. காலை உணவு, படுக்கை விரிப்பு, ஜன்னல் வழியே தெரியும் கடல் என்று எதைப் பார்த்தாலும் “ஒரு வீடே வாங்கியிருக்கலாம்” என்பாள். காலை உணவில் தயிர் கரண்டியில் அப்படியே நிற்கும் அளவுக்குக் கெட்டி. மேலே தைம் என்ற மூலிகையின் பூந்தேன் ஊற்றித் தருவார்கள். அக்கா தேன் வேண்டாம் என்று சொல்லி உப்பு கேட்டு வாங்கினாள். பரிமாறிய பெண் அதைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் கமினி என்ற மீனவத் துறைவரை கரையோரமாக நடந்தோம். மணல் கடற்கரையைத் தேடி இங்கே வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். பாறையிலிருந்து நேரே கடலில் இறங்க வேண்டும்.

இரவில் அப்படி ஓர் அமைதி. எஞ்சின் சத்தமே இல்லாத ஊரில் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டே உறங்கிவிட்டேன். விடியற்காலையில் எழுப்பியது குளம்படி ஓசை. ஜன்னலருகே போய்ப் பார்த்தேன். நான்கு கோவேறு கழுதைகள் படியேறிக்கொண்டிருந்தன. முதலாவதில் சிமெண்ட் மூட்டைகள், அடுத்ததில் எரிவாயு சிலிண்டர்கள். மூன்றாவதில் வெள்ளை விரிப்புகளின் பொதி. கடைசியில் வந்தது தண்ணீர்ப் பாட்டில் கட்டுகளைச் சுமந்துகொண்டு எங்கள் ஹோட்டல் வாசலில் நின்றது. படுக்கையோரம் நான் பாதி குடித்துவிட்டு மறந்த பாட்டிலும் இப்படித்தான் 212 படி ஏறி வந்திருக்கிறது. எடுத்து மிச்சத்தையும் குடித்தேன், தாகமில்லாமலே.

புறப்படும் நாளில் அதே மனிதர் வந்தார். இரு பெட்டிகளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, அக்காவின் பெட்டியைக் காட்டி, வந்தபோது இருந்ததைவிடக் கனம் என்று சைகையால் சொன்னார். உள்ளே நான்கு டப்பா அமிக்தலோத்தா, மாச்சர்க்கரை தூவிய பாதாம் இனிப்பு. இந்தத் தீவின் கைவண்ணம். அக்கா ஒரு டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கூலியோடு இன்னும் ஐந்து யூரோ சேர்த்தும் கேட்டார்.