ரிமாண்ட் காலையில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

தோட்டத்தில் ஒரு பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், அவன் எந்த லோக்காப்பில் (போலீஸ் காவல் அறையில்) இருக்கிறான் என்பதைத்தான் வீட்டார் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். புகார் பதிவான நிலையத்தில்தான் இருப்பான் என்று நினைத்து அம்மா சோற்றுப் பொட்டலத்தோடு அங்கே போய் நிற்பார். அதற்குள் அவனை மாவட்டத்தின் மைய லோக்காப்புக்கு மாற்றியிருப்பார்கள். மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் (விசாரணைக்காகக் காவலில் வைக்கும் உத்தரவு) வாங்கிய பிறகுதான் ஈப்போவிலிருந்து வக்கீலின் கார் வந்து சேரும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து சட்டம் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி, குற்றவியல் வழக்கில் ஏழைகளுக்காக வாதாடும் வக்கீலாகவோ அரசுத் தரப்பில் நிற்கும் டிபிபியாகவோ (துணை அரசு வழக்கறிஞராகவோ) ஆக முடியும். அந்த வழியில் எங்கெங்கே இடறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் அந்த ரிமாண்ட் காலை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி. அதற்கு மேல் காவலில் வைக்க வேண்டுமானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி ஐஓ (விசாரணை அதிகாரி) மனுச் செய்ய வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல், அல்லது மரண தண்டனைக்குரியது என்றால் 7 நாள், பிறகு 7 நாள். செம்பனைக் குலைத் திருட்டு பெரும்பாலும் தண்டனைச் சட்டம் 379இல் வரும். உச்சத் தண்டனை 7 ஆண்டு. ஆக அது 4, 3 கணக்கு. ஐஓ நான்கு நாள் கேட்கும்போது வக்கீல் எழுந்து, "குலை கைப்பற்றியாகிவிட்டது, லாரியும் கையில், வாக்குமூலமும் எடுத்தாகிவிட்டது, இன்னும் எதை விசாரிக்க நான்கு நாள்?" என்று கேட்டால் அது இரண்டு நாளாகக் குறைய இடமுண்டு. நாள்கூலிக்காரனுக்கு அந்த இரண்டு நாளில்தான் வேலை நிலைப்பதும் போவதும் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பவரால் தினமும் காலையில் அங்கே நிற்க முடியாது.

இரண்டாவது, குற்றச்சாட்டு வாசிக்கும் நாள். எங்கள் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குற்றச்சாட்டை மலாயில் வாசிப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். "ஒத்துக்கிட்டா இன்னிக்கே விட்டுருவாங்க" என்று லோக்காப்பில் பக்கத்துப் படுக்கைக்காரன் சொன்னதுதான் பையனின் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொள்வதன் தன்மையும் விளைவும் அவனுக்குப் புரிந்திருக்கிறதா, நிபந்தனையின்றி ஒப்புக்கொள்கிறானா என்று நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். "ஆமாங்க, ஆனா நான் எடுக்கல, லாரியில உட்கார்ந்திருந்தேன்" என்பவன் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த "ஆனா"வைப் பிடிக்க அவன் பேசும் தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும். காவல் அறைக் கம்பிக்கு இப்பால் நின்று பேச உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் வயது, முந்தைய வழக்கு, வேலை, அவனை நம்பி இருப்பவர்கள், கைதான தேதி, நடந்தது என்ன என்ற ஆறையும் கேட்டுவிட வேண்டும்.

வயதை ஐசியை (அடையாள அட்டையை) பார்த்தே எழுதுங்கள், வாய்ச்சொல் போதாது. 18 வயது நிரம்பாதவன் என்றால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் கீழ் சிறார் நீதிமன்றம். தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வந்தாக வேண்டும். 18க்கும் 21க்கும் இடைப்பட்டவனுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு உண்டு. சமூக சேவை உத்தரவு உட்பட, சிறைக்கு மாற்றான வழிகள் அதில் இருக்கின்றன. கைதான தேதி எதற்கென்றால், சிறைத் தண்டனை தீர்ப்பு நாளிலிருந்தே தொடங்கும். அன்றிலிருந்து வேண்டாம், கைதான நாளிலிருந்து எண்ணுங்கள் என்று அதே சட்டத்தின் 282ஆம் பிரிவின் கீழ் கேட்க வேண்டும். கேட்க மறந்தால் ஏற்கெனவே உள்ளே கழித்த நாட்கள் வீணாகும்.

போதைப்பொருள் வழக்கில் கிராம் கணக்கைக் கவனியுங்கள். ஹெராயின் 2 கிராமிலிருந்து 5 கிராமுக்குள் என்றால் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39ஏ (1): 2 முதல் 5 ஆண்டு சிறை, பிரம்படி. 5 கிராமைத் தொட்டால் 39ஏ (2): ஆயுள் அல்லது குறைந்தது 5 ஆண்டு. 15 கிராமைத் தொட்டால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். 5 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 41பி பிரிவு ஜாமீனை அடைத்துவிடுகிறது. கைது நேரத்தில் போலீஸ் சொல்லும் எடையில் பிளாஸ்டிக் உறையும் கலந்திருக்கும் தூளும் சேர்ந்திருக்கலாம். கெமிஸ்ட் அறிக்கையில் வருவதுதான் நிகர எடை. அறிக்கை வரும்வரை அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ள விடாதீர்கள்.

இந்த வேலைக்கு வந்து சேரும் பாதை இப்படி. மலாயா, தேசிய, மாரா, அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றின் சட்டப் பட்டதாரிகள் நேரே சேம்பரிங் (மூத்த வக்கீலின் கீழ் தொழிற்பயிற்சி) போகலாம். லண்டன் வெளிப்புறப் பட்டம் போன்றவற்றை எடுத்தவர்கள் முதலில் சிஎல்பி (வக்கீல் தொழிலுக்கான தகுதித் தேர்வு) எழுத வேண்டும். பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை என ஐந்து தாள். குற்றவியல் நடைமுறையையும் சாட்சியத்தையும் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யாதீர்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது ஒரு வாரமாவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் போகலாம். மூடிய காலணியும் ஒழுங்கான உடையும் இருந்தால் போதும். ஒவ்வொரு வழக்குக்கும் பிரிவு எண், கேட்ட ஜாமீன், கொடுத்த ஜாமீன், மிட்டிகேஷனில் (தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதத்தில்) சொன்னது, விதித்த தண்டனை என்று குறித்து வாருங்கள். தண்டனை எந்த அளவில் போகிறது என்பதை எந்த விரிவுரையும் இப்படிச் சொல்லித்தராது.

சேம்பரிங் ஒன்பது மாதம். உங்களை ஏற்கும் மாஸ்டர் குறைந்தது ஏழு ஆண்டு தொழிலில் இருந்தவராக இருக்க வேண்டும். சிறு ஊரில் அப்படிப்பட்ட வக்கீல்கள் சிலரே, அவர்களிலும் குற்றவியல் செய்பவர்கள் இன்னும் குறைவு. ஆகவே கடைசிப் பருவத்திலேயே போய்ப் பேசிவையுங்கள். நிலப் பத்திரம் மட்டும் செய்யும் அலுவலகத்தில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு லோக்காப் வாசலுக்கு வந்தால் கை நடுங்கும். அந்த ஒன்பது மாதமும் சிறப்பு அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக்கூடாது என்பது விதி. தோட்டத்துக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். மாஸ்டர் தரும் அலவன்ஸ் எவ்வளவு, வீட்டிலிருந்தே போய்வர முடியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். சொந்த ஊர்ப் பக்கத்தில் செய்தால் வாடகை மிச்சம். பிள்ளைகளைத் திரும்ப அழைக்க விரும்பும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாராட்டு விழாவில் சால்வை போடும் பணத்தை, இந்த ஒன்பது மாதத்து பஸ், பெட்ரோல் செலவுக்குக் கொடுங்கள்.

சேம்பரிங் காலத்திலேயே சட்ட உதவிப் பணியும் செய்தாக வேண்டும். அதைக் கையெழுத்துக்காகச் செய்யாமல் ரிமாண்டுக்கும் குற்றச்சாட்டு நாளுக்கும் கேட்டு வாங்குங்கள். ஷார்ட் கால் (முழு வக்கீலாகும் முன் கிடைக்கும் அனுமதி) வாங்கியவர் வரம்புக்குட்பட்டு நீதிமன்றத்தில் எழுந்து பேசலாம். ஆவணங்களைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் முழு வக்கீலாக அழைக்கப்படும் நாளும் தள்ளிப்போகும்.

வக்கீலான பின், குற்றவியல் பக்கம் ஏழைகளுக்கான முக்கிய வாசல் 2012இல் வேலை தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம். ஊரில் எல்லாரும் ஒய்பிஜிகே என்றுதான் சொல்வார்கள். தனியார் வக்கீல்கள் பயிற்சி பெற்று அதன் பட்டியலில் சேர்கிறார்கள். ரிமாண்ட், ஜாமீன், மிட்டிகேஷன், விசாரணை என்று வழக்குக்குத் தகுந்த ஊக்கத்தொகை கிடைக்கும். மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் உதவி, மரண தண்டனை வழக்குகள் இதில் சேராது. அந்த ஊக்கத்தொகையை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, இதை மறைக்கக்கூடாது. அதனால் கூடவே நிலப் பெயர் மாற்றம், வாரிசு மனு, பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கோரிக்கை, தொழிலாளர் வழக்கு ஆகியவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இவை எல்லாமே தேவைப்படுகின்றன. காலை நீதிமன்றம், மதியம் அலுவலகம் என்று வைத்தால் தாங்கும்.

டிபிபி பாதை வேறு. நீதித்துறை, சட்டச் சேவை ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் போகத் தயாராக இருக்க வேண்டும், சபா சரவாக் உட்பட. சொந்த ஊர் கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். நிரந்தரச் சம்பளம் உண்டு என்பது கடன் உள்ள பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். நம் ஆட்கள் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு மட்டும் வக்கீலாகப் போகட்டும் என்று நினைப்பது தவறு. கணவனின் பாராங் கத்தியால் வெட்டுப்பட்ட பெண்ணும் நம் லயத்துக்காரிதான். ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கான தண்டனைச் சட்டம் 324ஆம் பிரிவின் வழக்கில் அவள் சாட்சிக்கு வராமல் போனால் வழக்கு அங்கேயே விழும். விசாரணைக்கு முன் அவளை உட்காரவைத்து, பயம் என்ன, யார் மிரட்டுகிறார்கள், அன்றைக்கு யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தமிழில் கேட்கும் டிபிபி இருந்தால் அந்த வழக்கு நிற்கும்.

இரு தரப்பும் சந்திக்கும் இடம் ரெப்ரசென்டேஷன் கடிதம். குற்றச்சாட்டைக் குறைக்கவோ கைவிடவோ கேட்டு டிபிபிக்கு எழுதுவது. வழக்கு எண், போலீஸ் ரிப்போர்ட் எண், அடுத்த மென்ஷன் (வழக்கு மீண்டும் அழைக்கப்படும்) தேதி மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். முதலாளி கடிதம், மருத்துவச் சீட்டு, சமரசக் கடிதம் இருந்தால் நகல் இணையுங்கள். மென்ஷனுக்கு முந்தின நாள் கொடுத்தால் கோப்பைப் படிக்க யாருக்கும் நேரமிருக்காது. இரண்டு வாரமாவது முன்னால் கொடுங்கள்.

ஜாமீன் விஷயத்தில் இன்னும் ஒன்று. ஜாமீன்தாரர் ஐசியோடும் பணத்தோடும் காலையிலேயே நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். தொகை தெரிந்த பிறகு பணம் புரட்டக் கிளம்பினால் வங்கி மூடிவிடும், வெள்ளிக்கிழமை என்றால் பையன் திங்கள்வரை உள்ளேதான். முதல்நாள் இரவே தொலைபேசியில் கூப்பிட்டு, யார் வருகிறார், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.