மூன்று விரல் இல்லாத கை

மரப்பட்டறையில் எனக்கு 19 வருஷ சர்வீஸ். மறக்கவே முடியாதது ஒரு மதியம். சீராக ஓடிக்கொண்டிருந்த வட்ட ரம்பம் ஒரு நொடி முனகியது. பக்கத்தில் நின்ற அண்ணன் வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்தபடி, "தம்பி, சுவிட்சை அணை" என்றார். சத்தம் போடவில்லை. ஆள்காட்டி விரலில் பாதி போயிருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ரம்பத்தின் மூடியை அன்று கழற்றி வைத்திருந்தார்கள்.

நாலு மாதம் கழித்துத் திரும்பியவர் உளி பிடிக்கப் புதிதாகப் படித்தார். இணைப்பு வெட்டும்போது உளி போகவேண்டிய திசையை அந்த விரல்தான் சொல்லும். அது இல்லாமல் நடுவிரலைப் பழக்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

அதனால்தான் ஜேம்ஸ் பீட்டர்ஸ் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். இங்கிலாந்து ரக்பி அணிக்கு ஆடிய முதல் கறுப்பர். 1879-ல் சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜமைக்காக்காரர், சர்க்கஸில் சிங்கம் பழக்கியவர், சிங்கத்தாலேயே இறந்தார். சர்க்கஸில் குதிரையேறிய பையனுக்குக் கை முறிந்ததும் கைவிட்டுவிட்டார்கள். அநாதை இல்லத்தில் வளர்ந்து, தச்சுவேலை கற்று, பிளிமத் பக்கம் கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தார்.

1906 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம். இங்கிலாந்து 9-3 என ஜெயித்தது. அதே வருஷம் டெவன் மாவட்ட அணியோடு மோத வந்த தென்னாப்பிரிக்கர்கள், எதிரில் ஒரு கறுப்பரைக் கண்டதும் களம் இறங்கவே மறுத்ததாகச் சொல்கிறார்கள். டிசம்பரில் அவர்களுக்கு எதிரான இங்கிலாந்து அணியில் பீட்டர்ஸ் இல்லை. திறமையில் குறையா? அடுத்த வருஷமே மறுபடி சேர்த்துக்கொண்டார்களே! மொத்தம் ஐந்து ஆட்டங்கள். அடுத்த கறுப்பர் அந்தச் சட்டையைப் போட 1988 ஆனது.

1910-ல் கப்பல் துறை விபத்தில் பீட்டர்ஸுக்கு மூன்று விரல்கள் போயின. அவர் ஆடியது ஃப்ளை ஹாஃப் இடம். பந்தை வாங்கி அடுத்தவனுக்குக் கடத்துவதே பிழைப்பு. தச்சனுக்கும் கைதான் எல்லாம். இரண்டு பிழைப்பும் ஒரே நாளில் அடிவாங்கின. ஆனாலும் அவர் திரும்ப வந்து ஆடினார்!

அப்புறம், ஆடுவதற்குப் பணம் வாங்கினார் என்று ரக்பி சங்கம் தடை போட்டது. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அந்த நாள் கூலி தரலாமா என்ற சண்டையில்தான் 1895-லேயே ரக்பி இரண்டாக உடைந்திருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது கொள்கை. எங்களைப் போன்றவர்களுக்கு ராத்திரிச் சோறு. பீட்டர்ஸ் வடக்கே போய், காசு கொடுக்கும் ரக்பியை பாரோவிலும் செயின்ட் ஹெலன்ஸிலும் ஆடினார். அப்போது வயது முப்பத்துநாலு ஆகியிருந்தது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூன்று விரலை மடக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"அந்தக் கட்டையைத் தூக்கிப் போடு தம்பி."

இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பிடித்துவிட்டார்.