மூடிக்கொண்டது! மால்டோஸ் பிடிக்கும் புரதம் 3டி பிரிண்டில்

ஒருவழியாக மூடிக்கொண்டது. இடுக்கில் மால்டோஸை வைத்து லேசாகத் தள்ளினால், இரண்டு மடல்களும் 'டக்'கென்று சேர்ந்து சர்க்கரையை உள்ளே மறைத்துவிடுகின்றன. ஈ.கோலை பாக்டீரியாவின் மால்டோஸ் பிணைப்புப் புரதம், 2 கோடி மடங்கு பெரிதாக (1 ஆங்ஸ்ட்ராம் = 2 மிமீ), பிஎல்ஏ பிளாஸ்டிக்கில்.

லேயர் உயரம், சப்போர்ட் எல்லாம் வழக்கம்போலத்தான். என்னைப் பாடாய்ப் படுத்தியது இரண்டு மடலையும் இணைக்கும் கீல்தான்.

புரத வடிவங்களின் பொதுத் தரவுத்தளமான பிடிபியிலிருந்து இரண்டு கோப்புகள்: திறந்த நிலைக்கு 1ஓஎம்பி, மால்டோஸோடு மூடிய நிலைக்கு 1ஏஎன்எஃப். இரண்டையும் முழு மூலக்கூறாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தால் எதுவும் விளங்காது. இரண்டு மடலுமே கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்த மாதிரி தெரியும். என்-மடலை மட்டும் (சங்கிலியின் 1–109, 264–309ஆம் அமினோ அமிலங்கள்) பொருத்தி நிறுத்திவிட்டு, சி-மடல் (114–258, 316–370) எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க வேண்டும். கைமெராஎக்ஸ் என்ற மூலக்கூறு மென்பொருளில் 'மெஷர் ரொட்டேஷன்' கொடுத்தால் திருப்பத்தின் அச்சு எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடும். திருப்பம் சுமார் 35 டிகிரி. ஆனால் அது வெறும் வாய் மூடல் இல்லை, கூடவே ஒரு சின்ன முறுக்கலும் உண்டு. அதனால் கீலின் பின்னை (ஊசியை) இடுக்குக்கு இணையாகச் செருகினால் உதடுகள் பொருந்தவே பொருந்தாது. அளந்த அச்சின் சாய்விலேயே துளை போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலி ஒரு மடலிலிருந்து மற்றதற்கு மூன்று முறை கடக்கிறது. அந்த மூன்று இழைகளையும் டிபியு என்ற வளையும் பிளாஸ்டிக்கில் தனியாகப் பிரிண்ட் செய்து ஒட்டவேண்டியது இன்னும் பாக்கி. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு டிபியுவை நன்றாக உலர்த்தாவிட்டால் நூல் நூலாக இழுக்கும்.

காந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. மடல்களில் காந்தமே இல்லை, சின்ன இரும்புத் துண்டுகள்தான். காந்தம் சர்க்கரைக்குள் இருக்கிறது. சர்க்கரை இல்லாவிட்டால் வாய் திறந்தே கிடக்கும், வைத்தால்தான் மூடும். நிஜத்திலும் மால்டோஸ்தான் இரண்டு மடலையும் சேர்த்துப் பிடிக்கிறது: அதன் ஹைட்ராக்சில்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும் ஆஸ்பார்டேட் 14 (எண், சங்கிலியில் அந்த அமினோ அமிலத்தின் இடம்), லைசின் 15, ஆஸ்பார்டேட் 65 எல்லாம் என்-மடல் பக்கம், வளையத்தின் தட்டையான முகத்தில் ஒட்டிப் படுக்கும் டைரோசின் 155, டிரிப்டோஃபேன் 230, 340 மூன்றும் சி-மடல் பக்கம். இந்த மூன்றுக்கு மட்டும் ஆரஞ்சு வண்ணம் அடித்திருக்கிறேன்.

பின்னைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டேன். சர்க்கரை இல்லாதபோதும் சுமார் 5 சதவீத மூலக்கூறுகள் பாதி மூடிய நிலையில் இருக்கின்றன என்று 2007இல் என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) ஆய்வில் காட்டினார்கள். மாடலும் அப்படி ஆடத்தானே வேண்டும்.

3 மிமீ நியோடிமியம் காந்தம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஆன்லைனில் வாங்கினால் காந்தத்தைவிட கூரியர் செலவு அதிகம்.

டிபியு இழை முடிவதற்குள்ளேயே பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தை ஸ்லைசரில் ஏற்றிவிட்டேன். அது இடுக்கில் உட்காரும், ஆனால் புரதம் மூடாது. அடுத்து, மால்டோஸை உள்ளே கடத்த பாக்டீரியாவின் உள்சவ்வில் காத்திருக்கும் மால்எஃப்ஜிகே2 புரதக் கூட்டு, பிடிபியின் 2ஆர்6ஜி கோப்பிலிருந்து. அதில் இந்தப் புரதம் மேலே வந்து வாய் திறந்து சர்க்கரையைக் கைமாற்றும் நிலை அப்படியே இருக்கிறது. ஆனால் 2 கோடி மடங்கில் என் பிரிண்டர் தட்டு பத்தாது, மூன்று துண்டாக வெட்டத்தான் வேண்டும்.