அப்பச்சி ரிப்போர்ட்ல நாங்க பாக்காம விட்ட வரி

2021 மே, ரெண்டாவது அலை உச்சத்துல இருக்கப்ப அப்பச்சிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, கொரோனா. எங்க ஊரு கானாடுகாத்தான் பக்கம். அஞ்சு நாள் முகப்புலயே தனியா படுத்திருந்தாக, சாதா காய்ச்சல்தான்னு இருந்துட்டோம், ஆறாவது நாள் ஆக்சிஜன் 88ன்னு காட்டவும் ராவோட ராவா காரைக்குடிக்கு கூட்டிட்டுப் போயி சேத்தோம். பெட்டுக்கு அலைஞ்சத சொன்னா அதுவே தனிக்கதை, விடுங்க.

உள்ள யாரையும் விடல. தினமும் பிளட் ரிப்போர்ட் மட்டும் வாட்ஸ்அப்ல வரும், யாரும் வெளக்கிச் சொல்லல. மொத வெள்ளணு கவுண்ட் 9,000, நார்மல்தானேன்னு ஆத்தாகிட்ட (அம்மாகிட்ட) தைரியம் சொல்லிட்டேன். மதுரையில லேப்ல இருக்கற பெரியாச்சி (மூத்த அக்கா) மகளுக்கு அனுப்புனா, "அம்மான், மொத்தத்த பாக்காதீங்க, கீழ லிம்போசைட்ட பாருங்க"ன்னா. லிம்போசைட், நியூட்ரோபில், ஈசினோபில் எல்லாம் வெள்ளணுவோட வகைங்க. லிம்போசைட் 100க்கு 20லருந்து 40 இருக்கணும், ஐயாவுக்கு (அப்பச்சிய அவ அப்புடித்தான் கூப்புடுவா) 8தான் இருக்கு, நியூட்ரோபில் 88, ஈசினோபில் சைபர்னு அவ சொன்னப்ப கை நடுங்கிருச்சு.

அவ சொன்னது இதுதான். லிம்போசைட்ல டி செல்லுதான் வைரஸ் புகுந்த செல்ல தேடிப் புடிச்சு அழிக்கிறது. நோய் முத்துனா அதுல கொஞ்சம் ரத்தத்த விட்டு நுரையீரலுக்குள்ள போயிரும், கொஞ்சம் செத்துப் போகும், மிச்சம் இருக்கறதும் சண்டை போட்டே ஓஞ்சு போயிரும். இன்னொரு பக்கம் எலும்பு மஜ்ஜை முழுசா வளராத நியூட்ரோபில்லக்கூட அவசரத்துக்கு வெளிய அனுப்பிரும், அதுங்க வைரஸோட சேத்து நம்ம நுரையீரலயும் புண்ணாக்குது.

இப்புடி எதிர்ப்பு சக்தியே கொறஞ்சு கெடக்கறப்ப அத இன்னும் அமுக்குற ஸ்டீராய்ட எதுக்குக் குடுக்குறாகன்னு எனக்கு ஆத்தாமை. அந்த நேரத்துல நுரையீரல கெடுக்கறதுல பெரும்பங்கு நம்ம ஒடம்போட அழற்சிதானாம், அத அடக்கத்தான் ஸ்டீராய்டாம். 2020ல இங்கிலாந்துல நடந்த ரெக்கவரி ஆய்வுல தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு குடுத்ததுல வென்டிலேட்டர்ல இருந்தவுக சாவு மூணுல ஒரு பங்கும், ஆக்சிஜன்ல இருந்தவுக சாவு அஞ்சுல ஒரு பங்கும் கொறஞ்சிருக்கு. ஆனா ஆக்சிஜன் தேவைப்படாதவுகளுக்கு பலனே தெரியல. அந்த சமயம் எங்க ஊருலயே காய்ச்சல் வந்த மொத நாளே மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு முழுங்குனவுக உண்டு, வைரஸ் பெருகிட்டு இருக்கற நேரத்துல எதிர்ப்ப அமுக்குனா என்னத்துக்கு ஆகும், தயவுசெஞ்சு யாரும் அப்புடி செய்யாதீங்க.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சு மூணாம் நாள் வெள்ளணு 15,000. புதுசா கிருமி தொத்திருச்சுன்னு ஆத்தா அழுதுட்டாக. ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டியிருக்கற நியூட்ரோபில்ல அந்த மருந்தே ரத்தத்துக்குள்ள எறக்கி விட்டுரும், ரத்தத்துல அழற்சியக் காட்டுற சிஆர்பி அளவு எறங்குதான்னு பாருங்கன்னா அவ. எறங்கிட்டுத்தான் இருந்துச்சு. சுகர் மட்டும் 340 வரைக்கும் ஏறி இன்சுலின் போட்டாக, கருப்புப் பூஞ்சை பயம் வேற அப்ப ஊரெல்லாம்.

லிம்போசைட் 8, 7, 7ன்னு அசையவே இல்ல. எட்டாம் நாள் 11, பதினொண்ணாம் நாள் 16. ஸ்டீராய்ட நிறுத்துனதுக்கு அப்பறம் 22, ஈசினோபில் 1. அந்த ஒத்த நம்பரப் பாத்து நானும் ஆத்தாவும் வாசல்லயே உக்காந்து அழுதோம்.

வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கழிச்சு எடுத்ததுல லிம்போசைட் 31. சளைப்பு மட்டும் தீபாவளி வரைக்கும் விடல, வீட்டுக்குள்ளயே பட்டாலையில இருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் நடந்தாலே தூணப் புடிச்சுட்டு நின்னுருவாக.