மாஷ் வீட்டு டிரங்குப் பொட்டியும் அடிஸ் அபாபா ரெக்கார்டும்

பாலக்காட்டுல எங்க கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் வந்து விசாரிச்சுப் பாருங்க, "எங்க பெரியப்பா ஆப்பிரிக்கால வாத்தியாரா இருந்தாருங்க"ன்னு சொல்ற வீடு ஒண்ணாவது கண்டிப்பா மாட்டும். கல்ஃப் கதைதான் எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு கூட்டம் எத்தியோப்பியாவுக்குப் போயிருச்சு. ஹெய்லி செலாசி ராஜாவா இருந்த காலத்துல அங்க பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் பத்தாம இந்தியாவுல இருந்து ஆள் எடுத்தாங்க, அதுல கேரளாக்காரங்கதான் ஜாஸ்தி. பின்னாடி நைஜீரியா, ஜாம்பியான்னு பரவுச்சு. போனவங்க காசு சேத்தி வந்து வீடு கட்டினாங்க, தோப்பு வாங்கினாங்க. கூடவே கொஞ்சம் ரெக்கார்டும் கொண்டாந்தாங்க, அதத்தான் யாருமே கண்டுக்கல.

நான் ரெக்கார்டு பொறுக்கற ஆளு. எம்எஸ்வி, இளையராஜாவோட எக்கோ கம்பெனி எல்பி, மலையாளத்து பாபுராஜ் பாட்டுன்னு எது கெடச்சாலும் எடுப்பேன். இங்க பழைய சாமான எடைக்கு வாங்கற ஒரு ஆக்ரிக்கடை அண்ணன் எனக்காக எடுத்து வெப்பாரு. போன மழைக்கு முன்னாடி அவரு ஒரு தகர டிரங்குப் பொட்டியக் காட்டி "தம்பி, இதுல ஏதோ ஜிலேபி எழுத்து போட்டிருக்குது, பாட்டு தெலுங்கா இருக்குமா பாரு"ன்னாரு. செத்துப்போன ஒரு ரிட்டயர்டு மாஷ், அதாவது வாத்தியார், வீட்ட இடிக்கும்போது வந்த சாமானாம். தொறந்தா கரப்பான் முட்டை, பழைய பரீட்சைப் பேப்பர், அதுக்கடில கவரே இல்லாத சின்ன சைஸ் 45 ரெக்கார்டுங்க, நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்தறது. லேபிள்ல இருந்தது தெலுங்கு இல்லீங்க, எத்தியோப்பியாவோட அம்ஹாரிக். போன்ல கேமராவக் காட்டினா படிச்சுச் சொல்லுதே, அப்படித்தான் பேர் கண்டுபிடிச்சேன். நம்ம உயிர்மெய் மாதிரியே அவங்களுக்கும் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஏழு வடிவம் இருக்குதாம், அதப் படிச்சதும் எனக்கு ஒரு சொந்தம் ஒட்டிக்கிச்சு.

அந்தப் பேர் அலெமயெஹு எஷெடே. அமெரிக்கப் பாடகருங்க எல்விஸ், ஜேம்ஸ் பிரவுன் ரெண்டு பேர் மேலயும் பைத்தியமா இருந்து, முடியெல்லாம் அவங்கள மாதிரியே வெச்சுக்கிட்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவங்களோட சோல் இசைய அம்ஹாரிக்ல பாடின ஆளு. 2021ல தான் எறந்தாரு.

கழுவறதப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா மெசேஜ்ல நெறய பேரு கேக்கறீங்க. பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர், அதுல பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு, மெத்துன்னு ஒரு மைக்ரோஃபைபர் துணி, பள்ளம் போற போக்குலயே வட்டமாத் தொடைக்கணும், குறுக்கால இழுத்தா போச்சு, லேபிள்ல தண்ணி படக்கூடாது. கடைசியா வெறும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி நிழல்ல நிறுத்தி வெச்சுக் காய விடணும், எங்க ஊரு கணவாய்க் காத்துக்கு கால் மணி நேரத்துல காஞ்சிடும். வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்க, அப்பளமா வளைஞ்சிரும். பழைய 78 அரக்கு ரெக்கார்டா இருந்தா ஸ்பிரிட்டு, ஆல்கஹால் எதுவும் கிட்டயே கொண்டு போகாதீங்க, கரைஞ்சிடும். அப்புறம் இந்த 45கள்ல நடு ஓட்டை பெருசா இருக்கும், அதுக்கு அடாப்டர் வேணும், அட்டைய வெட்டி ஒப்பேத்தினா நடு வெலகி சுருதி ஆடும்.

ஊசிய வெச்சதும் மொதல்ல சரசரன்னு ஒரே எரைச்சல்தான், அதுக்குள்ள இருந்து ஆர்கனும் சாக்ஸஃபோனும் எந்திரிச்சு வந்துச்சு பாருங்க. உள்ள காய் நறுக்கிட்டு இருந்த எங்க அம்மா "என்றா இது, மோகனமா?"ன்னாங்க. அம்மா பாட்டு கத்துக்கிட்டவங்க இல்ல, கோயில் நாயனம் கேட்டுக் கேட்டு வந்த காது. ஆனா சொன்னது சரி. எத்தியோப்பியப் பாட்டுல டிசிட்டான்னு ஒரு ஸ்கேல் இருக்குது, அதோட மேஜர் வகைல வர்ற அஞ்சு சுரமும் அச்சா நம்ம மோகனம்தான். அதே அஞ்சு சுரத்துல அமெரிக்க சோல் மாதிரி பிராஸ் ஊதி, பாடறவன் தொண்டைய நடுக்கி நடுக்கி இழுத்தா, நமக்கு அது வெளிநாட்டுப் பாட்டாவே தெரியறதில்ல.

சோல் அங்க எப்படிப் போச்சுன்னு கேட்டா அதுக்கும் ஒரு கதை இருக்குது. இப்ப எரித்திரியாவுல இருக்கற அஸ்மாரா அன்னைக்கு எத்தியோப்பியாவோட இருந்துச்சு. அங்க கேக்னியூ ஸ்டேஷன்னு அமெரிக்க ராணுவத் தளம், அதுக்குன்னு சொந்தமா ரேடியோ. சிப்பாய்ங்க கேட்ட பாட்ட ஊரும் கேட்டுச்சு. இந்தப்பக்கம் வாசிக்கிற ஆளுங்க பூரா ராஜாவோட மெய்க்காவல் படை பேண்டு, போலீஸ் பேண்டுன்னு சர்க்கார் சம்பளத்துல ட்ரம்பெட் கத்துக்கிட்டவங்க. பகல்ல பரேடு, ராத்திரி கிளப்பு.

ஆனா ரெக்கார்டு போடற உரிமை சட்டப்படி ஒரே ஒரு அரசு சார்பு அமைப்புகிட்டதான் இருந்துச்சு, அவங்களோ ஒண்ணும் போடறதில்ல. அம்ஹா எஷெடேன்னு ரெக்கார்டு கடை வெச்சிருந்த ஒரு இளவட்டம் 'வர்றது வரட்டும்'னு 1969ல சொந்தமா அம்ஹா ரெக்கார்ட்ஸ்னு ஆரம்பிச்சுட்டாரு. அந்த லேபிளோட மொத ரெக்கார்டுகள எங்க அடிச்சு வாங்கினாருன்னு நெனைக்கறீங்க? இந்தியாவுலங்க! பாடினதும் நான் மேல சொன்ன அதே அலெமயெஹுதான். என்கிட்ட இருக்கறது பின்னாடி வந்த நம்பர், அந்த மொத செட்டு இல்ல. இருந்தாலும் இதப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

ஆறு வருஷம், நூத்துச் சொச்சம் சிங்கிள், அவ்ளோதான். 1974ல ராணுவம் ராஜாவ எறக்குச்சு, ராத்திரி ஊரடங்கு வந்துச்சு, ஊரடங்குல என்ன கிளப்பு நடக்கும், அம்ஹாவும் 1975ல அமெரிக்காவுக்குக் கெளம்பிட்டாரு. அந்த ரெக்கார்டெல்லாம் அபூர்வமா போனது இப்படித்தான், பாட்டு மோசம்னு இல்ல. பிரான்சுக்காரரு ஃபிரான்சிஸ் ஃபால்செட்டோ 90கள் கடைசில எத்தியோப்பிக்ஸ்னு வரிசையா சிடி போட ஆரம்பிச்ச பின்னாடிதான் வெளிய இருக்கறவங்களுக்கு இப்படி ஒரு உலகம் இருந்ததே தெரிஞ்சுது.

ஜாம்பியாவுலயும் இதே கதி, வேற காரணம். செம்புச் சுரங்க ஊர்கள்ல பசங்க கிடார் எடுத்து ஜாம்ராக்னு அவங்க ஊரு ராக் பாட்டுல கலக்கிட்டு இருந்தாங்க, 70கள் நடுவுல செம்பு வெலை விழுந்துச்சு, காசு போச்சு, அப்புறம் எய்ட்ஸ் வந்து நெறயப் பேரக் கொண்டு போயிருச்சு. விட்ச் பேண்டு பாடகர் ஜகாரி சாண்டா ரத்தினக்கல்லு தோண்டற வேலைக்குப் போயிட்டாரு. அவரத் தேடிப் பிடிச்சு மறுபடி மேடை ஏத்தினது அடுத்த தலைமுறை.

பொட்டில நாலஞ்சு அமெரிக்க சோல் 45ம் இருந்துச்சு, அத வெச்சு என் சிநேகிதனுக்கும் எனக்கும் செம சண்டை. அவன் கோயமுத்தூர்ல ஐடில இருக்கான், எதப் பாத்தாலும் மொதல்ல வெலை தேடுவான். நார்தர்ன் சோல்னு இங்கிலாந்து வடக்குல ஒரு கூட்டம், மில்லு, ஃபேக்டரில வேலை செஞ்ச பசங்க, விகன் கேசினோ மாதிரி எடத்துல விடிய விடிய ஆடுவாங்க, அமெரிக்காவுல யாரும் வாங்காத பாட்டாப் பாத்துத் தேடி எடுப்பாங்க. ஃபிராங்க் வில்சனோட 1965 டெமோ ஒண்ணு, மோடவுன் கம்பெனி வெளியிடாமலே அழிச்சதுல தப்பினது, 2009ல 25,000 பவுண்டுக்கு மேல போச்சு. அங்க டிஜேங்க போட்டிக்காரனுக்குத் தெரியக்கூடாதுன்னு லேபிள் மேல வேற பேர ஒட்டி மறைச்சு வெப்பாங்களாம், பாடினவன் பேரே தெரியாம ஊரு ஆடியிருக்குது. எனக்கு இது புடிக்கலைங்க. கெடைக்காததெல்லாம் நல்ல பாட்டு இல்ல, அந்த நாலஞ்சுல மூணு சுமார்தான், ஒண்ணு கேக்கவே முடியல. இத அவன்கிட்டச் சொன்னா "நீ காதால பாக்கற, நான் மார்க்கெட்டப் பாக்கறேன்"ங்கறான். போடா.

எனக்குப் புடிச்ச ரூட்டு வேற. ஹெய்லு மெர்கியான்னு ஒரு கீபோர்டுக்காரரு, வாலியாஸ் பேண்டு, 80கள்ல வாஷிங்டன்ல தங்கிட்டாரு, பின்னாடி அங்க டாக்ஸி ஓட்டினாரு. டிக்கில கீபோர்ட வெச்சுக்கிட்டு சவாரி இல்லாத நேரத்துல பின்சீட்டுல உக்காந்து வாசிப்பாராம். அவரோட 1985 கேசட் ஒண்ணு பிரையன் ஷிம்கோவிட்ஸ்ங்கற அமெரிக்கக்காரரு கைல எத்தியோப்பியாவுல ஒரு கடைல மாட்டி, அவரு ஆளத் தேடி போன் போட்டு, 2013ல மறுபடி வெளியிட்டாரு, லாபத்துல பாதிக்குப் பாதி. பாடினவனுக்கு காசு போற மாதிரி இருந்தா நான் ரீஇஷ்யூவே வாங்கிக்குவேன், ஒரிஜினல் எனக்கு வேண்டாம்.

ஆனா எங்க ஊர்ல கெடக்கறத காப்பாத்தணும். மாஷோட பொண்ணப் போயிப் பாத்தேன், பாலக்காட்டுல டீச்சர். ரெக்கார்டத் திருப்பிக் கொடுக்கறேன் சேச்சின்னா "எனக்கு ப்ளேயர் இல்ல, நீயே வெச்சுக்கோ, அப்பா விசில்ல அடிப்பாரே அந்தப் பாட்டு இருந்தா மட்டும் போன்ல அனுப்பு"ன்னாங்க. எல்லாத்தையும் டிஜிட்டல் பண்ணி அனுப்பினேன். பி சைடு ஒண்ணு கேட்டுட்டு "இதாக்கும்"னு ஒரே வரி ரிப்ளை.

அதனால ஆப்பிரிக்கா போயிட்டு வந்த மாமா, பெரியப்பா வீட்டுப் பரண எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஏறிப் பாத்திருங்க. ஆக்ரிக்கடைய நம்பி இருக்காதீங்க, அண்ணன் இப்ப ரொம்ப வெவரமாயிட்டாரு, போன வாரம் டிஎம்எஸ் முருகன் பாட்டு ரெக்கார்டக் காட்டி "இது ஆப்பிரிக்கா மால் தம்பி, ஐந்நூறு கொடு"ங்கறாரு.