214 தாள்கள்: சைபர் க்ரைமில் புகார் கொடுத்த கதை

2024 தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய நடிகரின் படத்தைப் பற்றி நான் இணையத்தில் எழுதியது மொத்தமே பதினெட்டு வரி. முதல் பாதி பரவாயில்லை, இடைவேளைக்கு அப்புறம் படம் படுத்துவிட்டது என்பதுதான் சாரம். மறுநாள் காலை ஆபீசில் டேலி கணக்கு மென்பொருளைத் திறப்பதற்குள் முந்நூறு பேர் வந்து திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எவ்வளவு காசு வாங்கினாய், போய் அடுப்படியைப் பார், உன் மூஞ்சிக்கு விமர்சனம் ஒரு கேடா. இங்கே எழுத முடியாததும் நிறைய. ஆறு வருடமாகப் படம் பார்த்து எழுதுகிறேன். இதெல்லாம் தீபாவளி மழை மாதிரி, வரும், போகும்.

நான்காம் நாள்தான் வேறு மாதிரி ஆனது. என் புகைப்படத்தை எடுத்து என் பெயரிலேயே ஒருவன் கணக்குத் தொடங்கியிருந்தான். மாடி வீடு வாடகைக்கு என்று எப்போதோ நான் போட்ட விளம்பரத்திலிருந்து செல் நம்பரை எடுத்து, 'இரவில் மட்டும் அழைக்கவும்' என்று சேர்த்திருந்தான். அன்று ராத்திரி பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை போன் ஓயவில்லை. அம்மா எழுந்து வந்து "யாரு கண்ணு இந்நேரத்துல?" என்றபோது கஸ்டமர் கேர் என்றேன். ஒன்றரை மணிக்கு!

பிளாக் செய்தால் வேறு பெயரில் வந்தான். மூன்றாவது கணக்கிலிருந்து எங்கள் கம்பெனி கேட்டின் படம் வந்தது. கீழே ஒரே வரி: 'நீல ஸ்கூட்டி, ஆறேகால்.' அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. முந்நூறு வசவுக்கும் அசையாத எனக்கு அதைப் படித்ததும் கை நடுங்கியது. பயத்தில் அன்றைய அழைப்புப் பதிவு முழுவதையும் அழித்துத் தொலைத்தேன். யாரும் அதைச் செய்யாதீர்கள்.

முதலில் 1930-ஐ அழைத்தேன். அது முக்கியமாகப் பண மோசடிக்கான எண்ணாம், தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதியச் சொன்னார்கள். பதிந்தேன். செல் நம்பர், ஓ.டி.பி., சம்பவ விவரம், ஆதாரம், கடைசியில் ஒரு ஒப்புகை எண். அதற்கு நடுவே பக்கத்து ஸ்டேஷனுக்கும் போனேன். "நம்பரை மாத்திட்டுப் பேசாம இருங்கம்மா, படத்தைப் பத்தி எழுதி என்ன ஆகப்போகுது" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து மாவட்ட சைபர் க்ரைம் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

இந்தப் பிரின்ட் எடுக்கிற படலம் எந்த வழிகாட்டிக் குறிப்பிலும் இருக்காது. ஜெராக்ஸ் கடையில் பிளஸ் டூ முடித்த வயதில் ஒரு பையன். பென் டிரைவைச் செருகியதும் முதல் படமே திரை முழுக்க விரிந்தது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். மெஷினிலிருந்து வர வர ஒவ்வொரு தாளையும் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தான். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தபோது, "அக்காவோட ஆபீஸ் கணக்குண்ணா" என்றான். மொத்தம் 214 தாள். பதினாலு தாளுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டான்.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருவர், என் வயதுதான் இருக்கும். கட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "மேடம், உங்க எழுத்தைத் திட்டினது ஒரு பக்கம். உங்களைத் தேடி வந்தது ஒரு பக்கம். பிரிச்சுக் கொடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. படிக்கக் கூசுகிற தாள்கள் எல்லாம் முதல் அடுக்குக்கே போனதுதான் எனக்கு அதிர்ச்சி. நடிகருக்காகக் கொதித்து, ஒரு தடவை கத்திவிட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்களிலும் ஆபாசத்தின் எல்லையைத் தாண்டியவர்களை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில் பார்க்கலாம் என்று எஸ்.ஐ. ஆறு தாளை எடுத்துக்கொண்டார். காசு வாங்கி எழுதினேன் என்று சொன்னது அவதூறாம். அது போலீஸ் நேரடியாக எடுக்கிற வழக்கில்லை, நானே மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கடைசியில் இரண்டாம் அடுக்கில் நின்றது 43 தாள். அத்தனையும் ஒரே ஆள் என்று அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெயர் மாறினாலும் 'ஆறேகால்' மாறவில்லை.

எனக்கு ஆற்றாமை. பெரியப்பா பையன் வக்கீல். "அண்ணா, பழைய 66ஏ இருந்திருந்தா முந்நூறு பேரையும் உள்ள வெச்சிருக்கலாம்ல?" என்றேன். "முதல்ல உன்னைத்தான் வெச்சிருப்பாங்க" என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவில் எரிச்சலூட்டினாலே குற்றம், மூன்று வருடம் வரை சிறை. 2012-இல் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் கடையடைக்க வேண்டும் என்று பால்கரில் ஒரு பெண் கேட்டாள்; அதற்கு லைக் போட்ட தோழியையும் சேர்த்துக் கைது செய்தார்கள். அதே வருடம் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவரை விடிகாலையில் பிடித்துப் போனார்கள். 2015 மார்ச் 24-ஆம் தேதி ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. யாருக்கு எது எரிச்சல் என்று அளக்க முடியாது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். என் பதினெட்டு வரி எத்தனை ரசிகர்களுக்கு எரிச்சல் தந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்குமேல் அண்ணனிடம் வாதாடவில்லை.

எஸ்.ஐ. அடுத்துக் கேட்டதற்கு நான் தயாராக இல்லை. "வேண்டாம்னு அவன்கிட்ட எப்பவாவது சொன்னீங்களா?" இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது அதே சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் வருகிறது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டான் என்பதைக் காட்டினால் வழக்கு நிற்குமாம். வீட்டிலும் ஆபீசிலும் எல்லோரும் எனக்குச் சொன்னது 'பதிலே போடாதே' என்பதுதான். நல்லவேளையாக இரண்டாவது கணக்குக்குக் கோபத்தில் ஒரு வரி அனுப்பியிருந்தேன்: 'இனிமேல் எனக்கு எழுதாதீர்கள்.' 214 தாளில் எஸ்.ஐ. சிவப்பு மையில் சுழித்தது அந்த ஒன்றைத்தான்.

மற்றபடி நான் கற்றது: ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தக் கணக்கின் இணைப்பு முகவரியும் நேரமும் வேண்டும். பெயரை ஆள் நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவான். போனை ரீசெட் செய்யக் கூடாது. பாரதிய சாக்ஷிய அதிநியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி நம் கையில் இருப்பது நல்லது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். எனக்கு பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

செயலிக்காரர்களிடமும் தனியாகப் புகார் செய்தேன். என் பெயரில் இருந்த போலிக் கணக்கு ஒரே நாளில் போய்விட்டது. 2021 ஐ.டி. விதிகளில் ஆள்மாறாட்டத்துக்கு அப்போது 24 மணி நேரக் கெடு இருந்தது. கேட் படத்துக்கு மட்டும் 'எங்கள் விதிமுறைகளை மீறவில்லை' என்று பதில். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அதில் கேட்டும் ஸ்கூட்டியும்தானே இருக்கிறது. செயலியின் குறைதீர்ப்பு அதிகாரியும் அதையே சொன்னதால், அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே மனுப் போட்டேன். அதற்குள் ஆளே கிடைத்துவிட்டான்.

கம்பெனிக்கு எதிர் டீக்கடைக்குத் தினமும் வருகிற காலேஜ் பையன். அவன் அப்பா எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "படத்தை நீங்க திட்டுனதுலதானேம்மா..." என்று ஆரம்பித்தார். தண்ணீர் கொடுத்தேன். புகாரை வாபஸ் வாங்கவில்லை. வழக்கு நடக்கிறது, நானும் வாய்தாவுக்கு வாய்தா போய் வருகிறேன்.

எஸ்.ஐ. எடுத்தது போக மிச்சம் 165 தாளை வெந்நீர் அடுப்புக்கென்று கொல்லையில் போட்டேன். அம்மா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. பெருவாரியானதற்கு, "நாசமாப் போறவன்." ஒரு தாளை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்த என்னிடம் நீட்டி, "இவன் சொல்றது சரிதான் கண்ணு. இடைவேளைக்கு அப்புறமும் நல்லாத்தான இருந்துச்சு படம்" என்றாள்.